காலியாகாத வயிறு

மயக்க மருந்து கொடுப்பவர்களின் முதல் கேள்வி எல்லா ஊரிலும் ஒன்றுதான். "கடைசியா எப்போ சாப்பிட்டீங்க?" அவசரமான நாட்களில் நோயாளியின் பெயரைக்கூட அதற்குப் பிறகுதான் நான் கேட்டிருக்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்களும் இதை ஓயாமல் கேட்கப்போகிறீர்கள். ராயபுரத்தில் ஒரு நடுத்தர மருத்துவமனையில் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி இந்தக் கேள்வியோடு கழிந்தது. கேள்வியை ஒழுங்காகத்தான் கேட்டேன். பதிலைக் கேட்பதில்தான் கோட்டை விட்டேன்.

காரணம் உங்களுக்குத் தெரியும். ஆள் மயங்கும்போது தொண்டையின் காவலும் மயங்கிவிடுகிறது. வயிற்றில் இருப்பது மேலே ஏறி மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் நுரையீரல் வெந்துபோகும். அதனால்தான் பட்டினி. நம் பகுதி மக்களுக்குப் பட்டினி என்றால் என்ன என்பதில் சொந்தக் கருத்துகள் உண்டு. டோல்கேட் பக்கத்து லாரி ஓட்டுநர் ஒருவர் குடலிறக்க அறுவைக்கு வந்திருந்தார்.

"காலைல ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"ஒண்ணியும் இல்ல சார்."

"டீ?"

"டீ குட்ச்சேன்."

"டீயோட?"

"பன்னு."

"பன் சாப்பாடு இல்லையாப்பா?"

"தொட்டுக்கினு துன்னேன் சார். அது டீயோட டீயா பூட்ச்சு."

அவரை மறுநாளைக்குத் தள்ளி வைத்தோம். அவருக்கும் கோபமில்லை, எனக்கும் கோபமில்லை. அன்று மதியம் வார்டில் அவர் பிரியாணி சாப்பிட்டதை நான் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் பொட்டலத்தை நீட்டினார்.

என் முதல் வருடங்களில் எனக்கு மேலே இருந்த மருத்துவர் ஒரு பெண். குறைவாகப் பேசுவார். ஒரு முறை, குழந்தை அழுவதைத் தாங்க முடியாமல் ஒரு தாய் அறுவைக்கு முன்னால் ரொட்டியைப் பாலில் நனைத்து ஊட்டிவிட்டாள். கேட்டபோது இல்லை என்றாள். அந்த மருத்துவர் குழந்தையின் வாய் ஓரத்தைப் பார்த்தார். பிறகு அந்தத் தாயின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, "இவனுக்கு என்ன சாப்பாடு பிடிக்கும்?" என்று கேட்டார். கொஞ்ச நேரத்தில் அவளே அழுதுகொண்டே சொல்லிவிட்டாள். வெளியே வந்ததும் என்னிடம், "சாப்பாடு விஷயத்துல யார் சொல்றதையும் அப்படியே எடுத்துக்காதே" என்றார். அந்த வாக்கியத்தை நான் மனப்பாடம் செய்துகொண்டேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்ததை மறந்துவிட்டேன்.

பிலோமினா அம்மா எங்களிடம் வந்தது நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம். காசிமேட்டில் மீன் ஏலம் விடுபவர். விசைப்படகுகள் கரைக்கு வந்ததும் கூடைகளை வரிசையாக வைத்து, சுற்றி நிற்கும் வியாபாரிகளின் கண்ணையும் விரலையும் பார்த்து விலையை ஏற்றிக்கொண்டே போவார். அவர் வாயில் கடைசியாக வந்த விலைதான் விலை. அதற்குச் சீட்டு கிடையாது, சாட்சி கிடையாது. படகுக்காரரும் வியாபாரியும் அந்த வாயை நம்புவதால்தான் அவருக்குத் தொழில்.

அவருக்குப் பித்தப்பையில் கற்கள். வஞ்சிரம் வறுத்துச் சாப்பிட்டால் வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொள்ளும். எண்ணெய் சிறுகுடலை எட்டியதும் அங்கிருந்து ஒரு ஹார்மோன் இரத்தத்தில் கிளம்புகிறது. பித்தப்பையிடம் சுருங்கு என்கிறது, இரைப்பையிடம் கொஞ்சம் பொறு என்கிறது. கல் உள்ள பை சுருங்கினால் வலி. பாடத்தில் கோலிசிஸ்டோகைனின் என்று படித்திருப்பீர்கள். நான் இதை அவரிடம் விளக்கினேன். அவர் கேட்டுவிட்டு, "அப்போ மீன் மேல தப்பு இல்ல. அத்த சொல்லிடுங்க டாக்டரே, ஊர்ல மீனுக்குக் கெட்ட பேரு ஆவுது" என்றார்.

அறுவைக்கு முந்தைய நாள் வார்டில் அவரைப் பார்க்கப் போனேன். கூட அவர் மருமகள் மேரி.

"நாளைக்கு இந்த டாக்டரு என்ன தூங்க வெப்பாராம்" என்று மருமகளிடம் சொன்னார். "நான் தூங்கிகினே ஏலம் வுட்டா யாரும் எத்தியும் வாங்கிடாதீங்க."

நான் சிரித்தேன். இரவு உணவை எத்தனை மணியோடு நிறுத்த வேண்டும், தண்ணீரை எப்போது நிறுத்த வேண்டும் என்று சொன்னேன்.

"சொல்ட்டீங்க இல்ல, போதும். என் வாய்ல வந்தா வந்ததுதான். ஒரு பருக்க எறங்காது."

என்ன மருந்தெல்லாம் எடுக்கிறீர்கள் என்று கேட்டேன். மேரி ஒரு பிளாஸ்டிக் டப்பாவிலிருந்து சர்க்கரை மாத்திரை, இரத்தக்கொதிப்பு மாத்திரை எல்லாவற்றையும் எடுத்துக் காட்டினாள். "வாரத்துக்கு ஒரு ஊசியும் போட்டுக்கிறாங்க சார். சக்கரைக்கும் எடைக்கும். ரெண்டு மாசமா" என்றாள். சர்க்கரைக்கு ஊசி என்றதும் இன்சுலின் வகையில் ஏதோ ஒன்று என்று எடுத்துக்கொண்டேன். மேலே ஒரு கேள்வி கேட்கவில்லை. நான் கிளம்பும்போது பிலோமினா அம்மா, "டாக்டரே, கொஞ்ச நாளா துன்றதெல்லாம் இங்கியே நிக்குது" என்று நெஞ்சுக்குக் கீழே கையை வைத்துக் காட்டினார். "கல் இருந்தா அப்படித்தான் இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனேன். இரண்டு வாசல்கள் திறந்து கிடந்தன. இரண்டையும் நானே சாத்திவிட்டுப் போனேன்.

மறுநாள் காலை மருந்து உள்ளே போய் அவர் கண் மூடினார். மூச்சுக்கான குழாய் போடுவதற்கு வாயைத் திறந்தபோது உள்ளே சோறு. மஞ்சள் நிறத்தில், மென்ற சோறும் குழம்பும் திரண்டு மேலே வந்துகொண்டிருந்தது. சிஸ்டர் கமலா நான் கேட்பதற்கு முன்பே உறிஞ்சு குழாயை என் கையில் வைத்துவிட்டார். இந்த நேரத்தில் கை ஒன்றைத்தான் விரும்பும், எப்படியாவது குழாயை உள்ளே தள்ளிவிட வேண்டும் என்று. அதற்கு இடம் கொடுக்காதீர்கள். தலைப்பக்கத்தைத் தாழ்த்தி, முகத்தைத் திருப்பி, வாயைச் சுத்தம் செய்து, பிறகுதான் குழாய். ஆக்ஸிஜன் அளவு இறங்குவதைக் கருவி தன் ஒலியால் சொல்லிக்கொண்டே இருந்தது. அந்த ஒலி மறுபடி மேலே ஏறத் தொடங்கியபோது என் சட்டை நனைந்திருந்தது.

அறுவை மருத்துவர் இளைஞர். "சார், குழாய்தான் உள்ளே போயாச்சே. ஆரம்பிச்சிடலாமா?" என்றார்.

"இன்னைக்கு இல்ல. நுரையீரலுக்குள்ள எவ்வளவு போயிருக்குன்னு தெரியாது. கல் காத்திருக்கும்."

அவர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல் கையுறையைக் கழற்றினார். அவரை இன்றும் எனக்குப் பிடிக்கும்.

அதுவரை நான் செய்தது சரி. கதவைத் திறந்து நடைக்கூடத்துக்கு வந்த பிறகு செய்ததுதான் தவறு.

மேரியும், பிலோமினா அம்மாவின் தங்கையும், ஏலத்தளத்திலிருந்து வேலையை முடித்து நேராக வந்திருந்த நாலைந்து பெண்களும் அங்கே நின்றார்கள். பயம் அடங்கும்போது கோபமாக மாறும், அது உங்களுக்கும் நடக்கும்.

"எதுவும் குடுக்கக்கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"குடுக்கல சார்" என்றாள் மேரி. "நான்தான் ராத்திரி பூரா கூடவே இருந்தேன்."

"அப்போ வயித்துல அவ்வளவு சோறு எங்கேருந்து வந்தது? உங்க அத்தை பொய் சொல்லியிருக்காங்க. அந்தப் பொய்யில உயிரே போயிருக்கும்."

தலையில் முக்காடு போட்டிருந்த ஒரு பெண் பக்கத்திலிருந்தவரிடம், "பிலோமியா? பொய்யா?" என்று மெதுவாகக் கேட்டார். என்னிடம் கேட்கவில்லை. நான் உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் பிலோமினா அம்மா ஆக்ஸிஜன் முகமூடியோடு படுத்திருந்தார். நான் பக்கத்தில் போனதும் அதை ஒரு விரலால் தூக்கிக்கொண்டு பேசினார். குரல் கரகரத்தது.

"நான் துன்னல டாக்டரே."

"பரவாயில்லம்மா. பயத்துல எல்லாரும் சொல்றதுதான். உடம்பு தேறட்டும்."

இதை நான் அன்பாகத்தான் சொன்னேன். முந்தைய நாள் கத்தியதைவிட இதற்காகத்தான் இப்போது அதிகம் வருந்துகிறேன். கத்தியபோது அவருக்கு என்னிடம் சண்டையாவது போட்டிருக்க முடியும். நான் மன்னிப்பது போலப் பேசிவிட்டதால் அவருக்குச் சொல்ல எதுவும் மிச்சமில்லை. முகமூடியை இறக்கிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நுரையீரல் தேறியது. வீட்டுக்குப் போனார். சில வாரங்கள் கழித்து அறுவைக்குத் திரும்ப வரச் சொல்லியிருந்தோம். வரவில்லை. ஒரு நாள் மேரி மட்டும் வந்தாள்.

"மறுபடி வலி வந்துச்சு சார், காய்ச்சலோட. ரெண்டு நாள் சுருண்டு கெடந்தாங்க. ஆஸ்பத்திரின்னு சொன்னாலே 'கம்முனு கெட'ன்றாங்க."

"ஏன், பயமா?"

"பயம் இல்ல சார்." அவள் சொல்லலாமா என்று யோசித்தாள். "'என்ன நம்பாத ஆளு முன்னாடி நான் எப்டி கண்ண மூடறது'ன்னு கேக்குறாங்க."

ஏலத்தளத்திலும் விஷயம் பரவியிருந்தது. கேலியாகத்தான் ஆரம்பித்தார்களாம். கூடைக்கு விலை முடிந்ததும் யாராவது ஒரு வியாபாரி, "இது நெஜ வெலயா, ஆஸ்பத்திரி வெலயாக்கா?" என்பாராம். மற்றவர்கள் சிரிப்பார்களாம். அவரும் சிரிப்பாராம். பிறகு ஒரு படகுக்காரர் தன் மீனை வேறொருவரிடம் ஏலத்துக்குக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்தால் அத்தை பேசுவதில்லை என்றாள் மேரி.

கல் நழுவிப் பித்தநாளத்தில் அடைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இன்னொரு முறை காய்ச்சலோடு அந்த வலி வந்தால் அவர் பிழைப்பது நிச்சயமில்லை. "எப்படியாவது கூட்டிட்டு வாம்மா" என்றேன். உள்ளுக்குள் அப்போதும், அவராகத் தேடிக்கொண்டது என்றுதான் நினைத்தேன். இதை மறைக்க விரும்பவில்லை.

அதன் பிறகு பெரம்பூரிலிருந்து ஒருவர் வந்தார். ரயில்வேயில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். நெஞ்செரிச்சலுக்காக உள்நோக்கிப் பரிசோதனை. லேசான மருந்து மட்டும் கொடுத்தேன், தொண்டை விழித்திருக்கும் அளவுக்கு. குழாய் இரைப்பைக்குள் இறங்கியதும் திரையில் இட்லித் துண்டுகள் தெரிந்தன. முந்தைய நாள் சாப்பாடு, அப்படியே. குழாயை உடனே வெளியே எடுத்துவிட்டோம். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

எழுந்து உட்கார்ந்ததும் விஷயத்தைச் சொன்னோம். "அப்படி இருக்க வாய்ப்பில்லையே டாக்டர். நேற்று சாயங்காலத்துக்குப் பிறகு நான் எதுவும் எடுத்துக்கொள்ளவில்லையே" என்றார். சுத்தமான தமிழ்.

நான் உடனே, "அப்ப வேற ஏதாவது காரணம் இருக்கும் சார். என்னென்ன மருந்து எடுக்கறீங்க?" என்றேன்.

அவர் சொன்ன மருந்துகளில் வாரத்துக்கு ஒரு ஊசியும் இருந்தது. சர்க்கரைக்கும் எடைக்கும்.

நான் கைகழுவும் தொட்டிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். ஊசி பற்றிய நினைவு அதற்குப் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது வேறு. இவர் இல்லை என்றதும் நான் வேறு காரணம் தேடினேன். அந்த அம்மாவும் இல்லை என்றார். அவருக்காக நான் எதையும் தேடவில்லை. இருவர் வயிற்றிலும் சாப்பாடு இருந்தது. இருவரும் சொன்னது ஒன்றுதான். ஒருவர் 'எடுத்துக்கொள்ளவில்லை' என்றார், இன்னொருவர் 'துன்னல' என்றார்.

என் குடும்பம் தெற்கே இருந்து வந்து ராயபுரத்தில் மளிகை மொத்த வியாபாரம் செய்தது. கடைக்கு வருபவர்களோடு சிரித்துப் பேசும் அப்பா, வீட்டுக்குள் நான் 'இருக்கு' என்பதற்குப் பதில் 'கீது' என்றால் என் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிடுவார். அந்தப் பேச்சைப் பேசுபவர்கள் மத்தியிலேயே வாழ்ந்து, அவர்களுக்கே வைத்தியம் பார்த்து, அவர்கள் அன்பில் நனைந்துதான் நான் கிழவனானேன். ஆனாலும் அந்தத் தட்டு எனக்குள் எங்கோ நகர்ந்தபடியே இருந்திருக்கிறது.

இப்போது ஊசிக்கு வருகிறேன். நாம் சாப்பிட்டது சிறுகுடலின் கடைசிப் பகுதியை எட்டும்போது அங்குள்ள சில செல்கள் ஒரு ஹார்மோனை விடுகின்றன. அது கணையத்திடம் இன்சுலின் கொடு என்கிறது, மூளையிடம் பசி போதும் என்கிறது, இரைப்பையிடம் இப்போதைக்கு எதையும் கீழே அனுப்பாதே என்கிறது. ஜி.எல்.பி-1 என்று படித்திருப்பீர்கள். உடலில் அது சில நிமிடங்களில் சிதைந்துவிடும். குடல் தன் வேலையை முடித்ததும் இரைப்பைக்கு மறுபடி வழி திறக்கும். ஊசியில் இருப்பது அதே ஹார்மோனின் சாயல், ஆனால் சிதையாமல் ஒரு வாரம் நிற்கும்படி செய்தது. சர்க்கரைக்கு நல்ல மருந்து, எடைக்கும் நல்ல மருந்து, நான் குறை சொல்லவில்லை. ஆனால் இரைப்பைக்கு ஒரு வாரமும் 'அனுப்பாதே' என்ற உத்தரவுதான். நாம் கொடுக்கும் பட்டினி மணிக்கணக்கு, கதவு ஒழுங்காகத் திறக்கும் வயிற்றுக்குப் போட்ட கணக்கு. பிலோமினா அம்மா சொன்னபடியே பட்டினி கிடந்தார். வயிறு அவருக்கு ஒத்துழைக்கவில்லை. 'இங்கியே நிக்குது' என்று கையை வைத்துக் காட்டினாரே, அது கல்லைப் பற்றிய புகார் இல்லை.

அடுத்த நாள் விடியும்போது காசிமேட்டுக்குப் போனேன். ஐஸ் தண்ணீர் ஓடும் தரையில் என் செருப்பு வழுக்கியது. ஒரு பெண் என் முழங்கையைப் பிடித்து நிறுத்தி, "பாத்து நைனா, இங்க வுயுந்தா உன்னியும் கூடைல போட்ருவாங்க" என்றார். பிலோமினா அம்மா சங்கரா மீன் கூடைகளின் முன்னால் நின்றிருந்தார். இளைத்திருந்தார். அவர் முன் கூட்டம் குறைவாக இருந்தது.

என்னைப் பார்த்தும் விலை கூறுவதை நிறுத்தவில்லை. கூடை முடிந்த பிறகு, "இன்னா டாக்டரே, மீன் வாங்க வந்தியா?" என்றார்.

"உங்ககிட்ட தனியா கொஞ்சம் பேசணும்மா."

"அன்னிக்கு தனியாவா பேசுன?"

அவர் கையில் ஒட்டியிருந்த செதில்களைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

"மேரி சொன்னா. எல்லாரும் நிக்கசொல்லோ சொன்னியாமே. இப்பவும் எல்லாரும் நிக்கிறாங்க. சொல்லு."

சொன்னேன். இந்த அம்மா அன்றைக்கு எதுவும் சாப்பிடவில்லை, நான் தெரியாமல் பேசிவிட்டேன், ஊசியால் வயிறு காலியாகாமல் இருந்திருக்கிறது, தவறு என்னுடையது என்றேன். என் குரல் அங்கே எடுபடவில்லை.

"டாக்டரு இன்னா சொல்றாரு?" என்றார் பின்வரிசையில் ஒருவர்.

"கேக்கல, சத்தமா சொல்லு சார்" என்றார் இன்னொருவர்.

மறுபடி சத்தமாகச் சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு உரக்க நான் பேசியதில்லை.

ஒரு வியாபாரிக்குச் சந்தேகம் வந்தது. "ஊசி போட்டா சோறு வயித்துலயே கெடக்குமா? ஐஸ் பொட்டி மாறியா?"

"ஏறக்குறைய அப்படித்தான். மெதுவாத்தான் இறங்கும்."

"அப்போ ஒரு வாட்டி துன்னா ரெண்டு நாளிக்கு வரும். என் வூட்டுக்காரனுக்குப் போடு சார் அந்த ஊசிய" என்றார் கூடையோடு நின்ற ஒரு பெண். கூட்டம் சிரித்தது. பிலோமினா அம்மா சிரிக்கவில்லை.

"சொல்ட்ட இல்ல. நவுரு, யாவாரத்த பாக்கணும்" என்றார். அடுத்த கூடையை இழுத்துப் போட்டார்.

நான் கேட்டுப் பெற்றது அவ்வளவுதான். மன்னித்தேன் என்று அவர் அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. இளைய நண்பர்களே, தவறை ஒப்புக்கொண்டால் எதிரில் இருப்பவர் உடனே நம் பாரத்தை இறக்கி வைக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். அது அவர் வேலை இல்லை.

ஆனால் சில நாட்களில் மேரி அவரை அழைத்து வந்தாள். மறுபடி வலி வந்திருந்தது. உங்களுக்கு விருப்பமில்லையென்றால் வேறொரு மயக்க மருத்துவரை ஏற்பாடு செய்கிறேன், நல்லவர், கெட்டிக்காரர் என்றேன்.

"வாணாம். நீயே குடு" என்றார். "என்ன தப்பா நென்ச்சி, அது தப்புன்னு தெரிஞ்சிகின ஆளு நீ ஒருத்தன்தான். புச்சா வர்றவன் மொதல்லருந்து நெனப்பான்."

சர்க்கரை மருத்துவரோடு பேசி ஊசியை நிறுத்தினோம். கடைசி ஊசி போட்டு ஒரு வாரத்துக்கு மேல் ஆகட்டும் என்று காத்திருந்தோம். முந்தைய நாள் கஞ்சி மட்டும் போதும் என்றேன். அறுவை நாள் காலையில், மயக்கம் கொடுப்பதற்கு முன், ஸ்கேன் கருவியின் முனையை அவர் மேல்வயிற்றில் வைத்தேன். இரைப்பையில் என்ன இருக்கிறது என்று இப்போது இப்படிப் பார்த்துவிட முடியும். நீங்கள் எல்லோரும் பழகிக்கொள்ளுங்கள். குளிர்ந்த பசை பட்டதும் அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இன்னாத்துக்கு இது?"

"வயித்துல ஏதாவது இருக்கான்னு பாக்கறேன்மா."

"நான் துன்னலன்னு சொன்னேனே." பிடி இறுகியது. "இன்னமும் நம்பலியா?"

சிஸ்டர் கமலா என்னைப் பார்த்தார். திரையை அந்த அம்மாவின் பக்கம் திருப்பினேன்.

"உங்கள நம்பறேன். உங்க வயித்ததான் நம்பல. நீங்களும் பாருங்க."

அவர் சற்று நேரம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கையை விட்டார். "பாரு" என்றார்.

பார்த்தோம். இரைப்பை காலியாக இல்லை. ஊசியை நிறுத்தியும் போதவில்லை. பல வருடத்துச் சர்க்கரை அந்த வயிற்றின் நரம்புகளைத் தளர்த்தியிருந்தது. கஞ்சி போதும் என்று நான் சொன்னதும் தவறுதான், தெளிந்த நீர் வகைகள் மட்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் திரையில் சாம்பல் நிறத்தில் அசைந்ததைப் பார்த்தார். அவர் முகம் வெளிறிப்போனது. நான் எதுவும் கேட்பதற்கு முன்பே, "சத்தியமா..." என்று ஆரம்பித்தார்.

"சத்தியம் வேண்டாம்மா. இது நேத்து குடிச்ச கஞ்சி."

இளைய அறுவை மருத்துவர் உள்ளே வந்து எட்டிப் பார்த்தார். அன்றைக்கு வரிசையில் மூன்று பேர் காத்திருந்தார்கள். எச்சரிக்கையோடு செய்துவிடலாமே என்று அவருக்கு ஆசை இருந்தது, அப்படிச் செய்வதும் உண்டு. காய்ச்சல் இல்லை, அவசரம் இல்லை. தள்ளி வைப்போம் என்றேன். மோட்டிலின் என்று இன்னொரு குடல் ஹார்மோன் இருக்கிறது. பசி நேரத்தில் வயிற்றைப் பெருக்கித் துடைத்துக் கீழே தள்ளுவது அதுதான், வெறும் வயிறு உறுமுவது அந்த வேலையின் சத்தம். எரித்ரோமைசின் என்ற பழைய ஆன்டிபயாட்டிக் அந்த ஹார்மோனைப் போல நடிக்கும். அதைக் கொடுத்து, தெளிந்த நீர் வகைகளை மட்டும் குடிக்க வைத்து, இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது வயிறு காலியாக இருந்தது. பித்தப்பையை எடுத்தோம். கற்களை ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

நான் உங்களுக்குச் சொல்ல வந்தது அந்த அறுவையைப் பற்றி இல்லை. தள்ளி வைத்த அன்றைக்கு நடந்ததைப் பற்றி. அறுவை அரங்கின் கதவைத் திறந்து நான் வெளியே வந்தபோது நடைக்கூடத்தில் மேரியும் தங்கையும் அதே பெண்களும் நின்றார்கள். இவ்வளவு சீக்கிரம் நான் வருவதைப் பார்த்ததும் மேரியின் முகம் மாறியது. புடவைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு, அடி விழப்போகிறவள் போல நின்றாள்.

"இன்னைக்கு அறுவை இல்லம்மா" என்றேன். "அத்தை நல்லா இருக்காங்க. அவங்க எதுவும் சாப்பிடல. நேத்து நான் கஞ்சி குடிக்கச் சொன்னதுதான் இன்னும் இறங்காம இருக்கு."

"அவங்க சாப்டலன்னு நீங்களே சொல்றீங்களா சார்?"

"நானேதான் சொல்றேன்."

மேரி கைப்பேசியை எடுத்தாள். யாரை அழைத்தாள் என்று எனக்குத் தெரியாது. மறுமுனையில் ஏலத்தளத்தின் இரைச்சல் எனக்கே கேட்டது. அவள் அந்த இரைச்சலுக்கு மேலே, நடைக்கூடம் முழுவதும் திரும்பிப் பார்க்கும்படி சொன்னாள்.

"யக்கா, ஸ்பீக்கர்ல போடு. எல்லாருக்கும் கேக்கட்டும். இன்னிக்கும் அத்த வயித்துல சோறு கீதாம். அத்த துன்னலியாம். டாக்டரு சொல்றாரு."